தலவாக்கலை மழையும் திருகோணமலை வெயிலும்

ஜூலை 11, வெள்ளி

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் மழைமானி பார்ப்பது என் வேலை. இன்று காலை 64 மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் பதிந்துவிட்டு, சாவியைப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். ஆனி, ஆடி என்றால் தலவாக்கலையில் வெயில் கண்ணில் படாது. வீட்டுக்குள் கொடி கட்டி, அடுப்புப் புகையில் துணி காயவைக்கும் மாதங்கள். "இங்க வாங்க மச்சான், சேலைய ஒரு நுனியில இருந்து விரிச்சு மறு நுனிக்குப் போறதுக்குள்ள காஞ்சிரும்" என்று என் மனைவியின் அண்ணன் திருகோணமலை உப்புவெளியிலிருந்து வருஷா வருஷம் கூப்பிடுவார். கடைத்தெருப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

கண்டியில் தூறல். மாத்தளை தாண்டியதும் வானம் வெளுத்தது. தம்புள்ளையில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஹபரணையில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக வந்த காற்று, தேயிலை காயவைக்கும் டிரையர் பக்கம் நின்றால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. காலையில் குடை பிடித்துக்கொண்டு வந்தவள் இப்போது அதே குடையை வெயிலுக்குப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது என்று மனைவி அலுத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து எங்கள் மலையில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரம் மேகமாகும்போது உள்ளிருந்த வெப்பத்தை வெளியே விடுவதால், ஏறும்போது ஆயிரம் மீட்டருக்கு 6 பாகை அளவில்தான் குளிர்கிறது. மறுபக்கம் காய்ந்த காற்றாக இறங்கும்போது அமுங்கி அமுங்கி, ஆயிரம் மீட்டருக்கு 10 பாகை அளவில் சூடேறுகிறது. அதாவது, புறப்பட்டபோது இருந்ததைவிடச் சூடாகவே கிழக்கே வந்து சேர்கிறது. இந்தப் பக்கத்தில் அதைக் கச்சான் காற்று என்கிறார்கள். நாங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டு சக்கையை இங்கே அனுப்புகிறோம் போலிருக்கிறது.

கந்தளாய்க் குளம் வந்ததும் பஸ்ஸே எழுந்து பார்த்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் அணைக்கட்டைக் காட்டி, 1986 ஏப்ரலில் இது உடைத்துக்கொண்ட கதையைச் சொன்னார். தாம் அப்போது சின்னப் பிள்ளை என்றார். சொல்லி முடித்ததும் பையிலிருந்து சோளன் ஒன்றை எடுத்து, கேட்காமலே என் மனைவி மடியில் வைத்தார். அந்தக் குளத்து நீரிலும் எங்கள் பங்கு உண்டு. தலவாக்கலை வழியே ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது; கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வடக்கே திருப்பியிருக்கிறார்கள். 1976இல் முடிந்த வேலை. அந்த நீர் அம்பன் கங்கையில் விழுந்து, கால்வாய் கால்வாயாக மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய் வரை வருகிறது. நாங்கள் பஸ்ஸில் வந்த தூரத்தை அது எப்போதோ முந்திக்கொண்டு வந்துவிட்டது.

இரவு மச்சான் வீட்டில் இடியப்பம், சொதி, கணவாய்க் கறி. கணவாய் எங்கள் ஊருக்கு ஐஸில்தான் வரும், ரப்பர் மாதிரி. இது பல்லுக்கு வேலையே வைக்கவில்லை. சேலை விஷயத்தையும் சோதித்துப் பார்த்தாயிற்று. மச்சான் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் பெரிதாக இல்லை.

ஜூலை 12, சனி

வெயிலுக்கு முன்னே போய்விட வேண்டும் என்று ஆறரை மணிக்கே கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டோம். பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டியதுமே புள்ளிமான்கள். காட்டு மான் என்ற மரியாதையெல்லாம் அவற்றுக்கு இல்லை. அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தைக் கொம்புக்காரர் ஒருவர் சீப்போடு இழுத்துக்கொண்டு போனார். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே வேறு சீப்பு வைத்தார். காசு வாங்கவில்லை. "அதுக்கும் சேர்த்துத்தான் தங்கச்சி விலை போட்டிருக்கிறன்."

கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கோட்டைக்குப் போட்டார்கள் என்பது எல்லோரும் அறிந்த கதை. மிச்சம் கடலுக்குள் போனது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முக்குளித்து, தூண்களையும் செதுக்கிய கற்களையும் அடியில் கண்டார்கள். விண்வெளியைப் பற்றி எழுதிய மனிதர் இலங்கையில் குடியேறியதற்கு இந்தக் கடல்தான் காரணம் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இராவணன் வெட்டுப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஏறத்தாழ நூறு மீட்டர் செங்குத்து. ஆனால் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குத்தான். இலங்கையைச் சுற்றிக் கடலடியில் ஒரு மேடை இருக்கிறது, சராசரியாக 20 கிலோமீட்டர் அகலம், அதிக ஆழமில்லை. திருகோணமலையில் மட்டும் அந்த மேடையை அறுத்துக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வெளியே போகப் போக 3,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. எங்கள் பீதுருதாலகாலை 2,524 மீட்டர். மலையை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் உச்சி வெளியே தெரியாது. பெரிய பெரிய கப்பல்கள் இந்தத் துறைமுகத்துக்கு ஆசைப்பட்டதும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக அடித்துக்கொண்டதும், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்டதும் இந்த ஆழத்துக்காகத்தான்.

திமிங்கிலங்களும் அதற்காகவே வருகின்றன. மற்ற ஊர்களில் நீலத் திமிங்கிலத்தைப் பார்க்கப் படகில் வெகுதூரம் போக வேண்டும். இங்கே ஆழம் கரைக்கே வந்துவிட்டதால், இந்தப் பாறையில் நின்றே அது மூச்சு விடுவதைப் பார்க்கலாம். உலகின் மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் உணவுக்காகத் துருவப் பக்கம் போய்வரும். வட இந்தியப் பெருங்கடலில் இருப்பவை போவதில்லை. வருஷம் முழுக்க இந்த வெதுவெதுப்பான நீரிலேயே காலம் தள்ளுகின்றன. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகு இந்தக் கடலில் சுற்றிய பிறகுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது.

நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். ஒன்றும் வரவில்லை. கற்பூரம் விற்கும் தம்பி, "பங்குனி, சித்திரையில வாங்கோ அண்ணை, இப்ப நிண்டா கழுத்துத்தான் கறுக்கும்" என்றான்.

உண்மைதான். பத்து மணிக்கே தார் உருகுகிற வெயில். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேநீர் 120 ரூபாய். தேநீரைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம். ஆனால் தலவாக்கலைக்காரனால் முடியாது. தூளைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, பால்மாவைக் கரைத்து, சீனியைக் கொட்டிப் பழி தீர்த்திருந்தார்கள். நல்ல மலைத் தேயிலையெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய் அங்கிருந்து கப்பலேறிவிடுகிறது. அப்புறம் செவ்விளநீர் குடித்தோம், 180 ரூபாய். கொடுத்த காசுக்கு அதுதான் நியாயம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைய திட்டம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். நகரத்திலிருந்து வடமேற்கே, அனுராதபுரம் வீதிப் பக்கம், பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மச்சானுக்கு வேலை, நாங்களே போய்க்கொள்கிறோம் என்று பஸ் நிலையத்துக்கு வந்தோம். ஒரே இரைச்சல். "கன்னியா?" என்று கேட்டேன். பஸ் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பையன், "ஓம் ஓம், ஏறுங்க" என்று மனைவியின் பையை வாங்கி உள்ளே வைத்தே விட்டான். முக்கால் மணி நேரம் போயும் கிணற்றைக் காணோம். எதிரே ஒரு பெரிய பாலம், இரண்டு பக்கமும் கடல். பையன் காதில் விழுந்தது கிண்ணியா.

பக்கத்தில் இருந்த அம்மா விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வெளியூர் ஆக்களுக்கு இது நடக்கிறதுதான் மகள். வந்தது வந்தீங்க, தயிர் சாப்பிட்டுட்டுப் போங்க." நடத்துநர் மீதிக் காசோடு டிக்கெட் காசில் பாதியையும் திருப்பிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை.

கிண்ணியாப் பாலம் 396 மீட்டர், நாட்டிலேயே நீளமானது. 2009இல் திறந்தார்கள். அதற்கு முன் வாகனங்களை ஏற்றிக்கொண்டு மிதவைப் படகு போய்வந்தது. ஒரு பக்கம் தம்பலகாமத்துக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. 2004 சுனாமி இந்த ஊரை மோசமாக அடித்தது, மருத்துவமனையே போயிற்று. நம் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சுமாத்ராவில் பூமி அதிர, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை இங்கே. ஆழ்கடலில் அலை விமானத்தின் வேகத்தில் வரும். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் வேகம் குறைந்து உயரம் ஏறுகிறது. தயிர்க் கடைக்காரர் தம் சுவரில் நெஞ்சளவுக்கு மேலே ஓர் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எருமைத் தயிர், மண்சட்டியில், 600 ரூபாய். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மேலே மஞ்சள் ஆடை, அதன்மேல் கித்துள் பாணி. கரண்டியால் வெட்டி எடுத்தால் வெட்டிய பக்கம் நேராக நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஓரத்தில் நீர் கசிகிறது. முழுச் சட்டியையும் இரண்டு பேரும் அங்கேயே முடித்தோம்.

வந்த இடத்தில் ஒரு ஆசை வந்தது. மகாவலி கடலில் சேர்வது இந்தப் பக்கம்தானே? ஓட்டோ நானா ஒருவரிடம் கேட்டேன். "கங்கைப் பாலம் வரைக்கும் போய்ட்டு வர 2,500 தாங்க." நாங்கள் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, போகிற வழியெல்லாம் தோட்டத்துச் சம்பளத்தைப் பற்றி என்னைவிடக் கோபமாகப் பேசினார்.

335 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு, தீவில் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழை அதில் வடிகிறது. எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பாலத்துக்குக் கீழே பார்த்தால் பழுப்பு நிறத்தில் அகலமாக, அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் கிடக்கிறது. ஒரு ஓரத்தில் எருமைகள். எங்கள் ஊரில் இதே நாளில் கொத்மலை ஓயா பாறையில் மோதிக் கத்திக்கொண்டிருக்கும். நடுவில் கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரன்தெம்பே என்று வரிசையாக அணைகள். விக்டோரியா மட்டும் 122 மீட்டர் உயரம். மின்சாரத்துக்கும் சிறுபோக வயலுக்கும் பிடித்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் இங்கே வருகிறது. மார்கழியில் வந்து பாருங்கள், ரோட்டு மேலேயே ஓடும் என்றார் நானா. இந்த மாவட்டத்துக்கு வருஷத்தில் 1,600 மில்லிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. ஐப்பசி முதல் தை வரைதான் அதில் பெரும்பகுதி. அந்த நாட்களில் இங்கே வடகீழ்க் காற்று.

மனைவி பாலத்தில் நின்று, "நம்ம லயத்து வாய்க்கால்ல போட்ட சவர்க்காரத் தண்ணியும் இதுலதான் வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். முகத்தைச் சுளித்தாள்.

ஜூலை 14, திங்கள்

காலையில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவு. படகு 4,000 ரூபாய். வவுனியாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று பாதியைப் போட்டுக்கொண்டது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலையே இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தீவைக் குறிபார்த்துச் சுடப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 2003இல் தேசியப் பூங்கா ஆனது. பாறை இடுக்கில் மாடப்புறாக்கள் கூடு கட்டுகின்றன. கோயில் கோபுரங்களிலும் ரயில் நிலையங்களிலும் பார்க்கிற அதே புறாதான், ஆனால் இங்கே யாரும் பொரி போடாமல் தன்பாட்டில் வாழ்கிறது.

எனக்கு நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, இடுப்பளவு நீரில் முகத்தை வைத்தேன். முதலில் வந்தது சுறா. கையளவு தூரத்தில் அல்ல, ஆனாலும் போதுமான அளவு பக்கத்தில். முதுகுத் துடுப்பின் நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. கரும்துடுப்புச் சுறா பெரிதானாலும் ஒன்றரை மீட்டரைச் சுற்றித்தான் வளரும், ஆளை ஒன்றும் செய்யாது என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் நான் போட்ட சத்தத்தில் ஓடியது சுறாதான்.

பவளம் எல்லா இடத்திலும் உயிரோடு இல்லை. ஒரு பக்கக் கடற்கரையே செத்த பவளத் துண்டுகளால் ஆனது; நடந்தால் ஓட்டுச் சில்லு போலச் சலசலக்கிறது. பவளம் என்பது சின்னச் சின்ன விலங்குகள் கூடிக் கட்டும் சுண்ணாம்பு வீடு. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிதான் வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. நிறமும் அதனுடையதே. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, சில வாரம் நீடித்தாலே பவளம் பாசியை வெளியே துப்பிவிடும். வெளுத்துப் போய், பட்டினியில் சாகும். 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் அது பெரிய அளவில் நடந்தது. அதில் தப்பியதை இன்று நான்கு பேர் காலுறையோடு ஏறி நின்று செல்ஃபி எடுத்தார்கள். காவலர் விசில் ஊதினார், அவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். டிக்கெட் விலையை ஏற்றுவதைவிட, இப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்புகிற தைரியத்தை அவருக்குக் கொடுத்தால் நல்லது.

மத்தியானம் மச்சான் வீட்டில் என்ன சமையல் என்று பார்த்தால், சுறா வறை! யாரும் யோசித்துச் செய்ததில்லை, இன்று சந்தையில் அதுதான் மலிவாம். நான் இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

மாலையில் உப்புவெளிக் கடற்கரை. மணலில் அங்கங்கே கரித்தூள் கொட்டிய மாதிரி கறுப்புக் கோடுகள். எண்ணெய்க் கழிவு என்று நினைத்தேன். மச்சானின் சின்ன மகன் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். அதைக் கறுப்பு மணலில் இழுத்ததும் பையின் வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பு முட்கள் குத்திட்டு நின்றன. உள்ளேயிருந்து காந்தத்தை உருவினான்; முட்கள் பொலபொலவென்று அவன் உள்ளங்கையில் உதிர்ந்தன. "பையில்லாம வச்சா காந்தத்தை விட்டு வராது மாமா" என்றான், பெரிய எஞ்சினியர் மாதிரி. கையில் விழுந்ததை வெயிலுக்குக் காட்டினால் கண்ணாடிபோல் மினுங்குகிறது. காந்தத்தில் ஒட்டாமல் கீழே தங்கியதில் செம்மணிகளும் இருந்தன, கடுகில் கால்வாசி. அது கானட் கல்.

கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட்: இரும்பும் டைட்டானியமும் ஒக்சிசனும் சேர்ந்தது. சாதாரண மணலைவிட ஒன்றே முக்கால் மடங்கு கனம். அலை வந்து திரும்பும்போது லேசானதை இழுத்துக்கொண்டு போய், கனத்ததை விட்டுவிடுகிறது. வடக்கே 55 கிலோமீட்டரில் புல்மோட்டை. அங்கே இது கோடு கோடாக இல்லை, கரையே கறுப்பு. 1957இல் அமைத்த அரசு நிறுவனம் அள்ளி ஏற்றுமதி செய்கிறது. இத்தனை கறுப்பான மணலிலிருந்து கடைசியில் கிடைப்பது வெள்ளைத் தூள்; சுவர்ப் பெயின்ட், கடதாசி, பற்பசை எல்லாவற்றுக்கும் வெள்ளை கொடுப்பது அதுதான்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்று அவனிடம் கேட்டேன். கடலிலிருந்து என்றான். இல்லை, எங்கள் மலையிலிருந்து. மலையகத்துப் பாறைகளில் இல்மனைட்டும் கானட்டும் பொட்டுப் பொட்டாக இருக்கின்றன. பாறை மழையில் மக்கி மண்ணாகி, மகாவலியும் மற்ற ஆறுகளும் அதைச் சுமந்துவந்து கடலில் கொட்ட, நீரோட்டமும் அலையும் கரையோரமாகத் தள்ளிச் சலித்து வைத்திருக்கின்றன. எத்தனையோ லட்சம் வருஷ வேலை. பையன் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்ப இது உங்கடதா?" என்றான். பாதிப் பங்கு கேட்டேன், தரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கன்னியாவை விடுவதாக இல்லை. விடியற்காலை மச்சானே ஓட்டோவில் கூட்டிப் போனார். சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள், ஆளை இறக்காமல் வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்கிற அளவு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடம் என்பார்கள். இப்போதும் அந்தியேட்டிக்கு வருகிறார்கள். ஒரு கிணறு இளஞ்சூடு, அடுத்தது பிள்ளைக்கு ஊற்றும் பதம், இன்னொன்றில் முதல் வாளிக்குக் கத்தத்தான் வேண்டும். சூடான கிணறே 42 பாகையைத்தான் எட்டும்.

இலங்கையில் எரிமலை கிடையாது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கவும் 25 பாகை அளவில் சூடு கூடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. மழைநீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, வேறொரு பிளவில் மேலே வருகிறது. வரும் வழியில் மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுகிறது. நாட்டின் வெந்நீரூற்றுகளை வரைபடத்தில் குறித்தால் இங்கிருந்து மகா ஓயா வழியாகத் தெற்கே மதுனாகல வரை ஒரு வளைவாக விழும். இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் ஒட்டிய தையல் அது.

எனக்குச் சளி விட்டதற்கு வெந்நீரைக் காரணம் சொன்னாள் மனைவி. நான் கச்சானைச் சொன்னேன்.

மாலை பஸ்ஸுக்கு முன் சந்தையில் கருவாடு வாங்கினோம். பாரை கிலோ 2,200 ரூபாய், நெத்தலி 1,600. மூன்று பை சுற்றிக் கட்டியும் ஏறியவுடனே முன் இருக்கைக்காரர் மூக்கைத் தூக்கினார். நடத்துநர் வந்தார், மோப்பம் பிடித்தார், பையைக் கண்டுபிடித்தார். "இது மேல வைக்க ஏலாது, கீழ பெட்டியில போடணும்." கீழே பெட்டியில் ஏற்கெனவே யாருடையதோ மூன்று தயிர்ச்சட்டிகள். தயிர்க்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிஷம் பஸ் நின்றது. கடைசியில் சாரதி தம் இருக்கைக்குப் பின்னால் இடம் கொடுத்தார். கந்தளாய் தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பாரையா நெத்தலியா? கிலோ என்ன விலைக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஏமாத்திட்டாங்க" என்றார்.